அசென்ஷன்: கறுப்புத் தீவில் பச்சை மலை வந்தது எப்படி?

அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 8 பாகையில், அசென்ஷன் என்றொரு சின்னத் தீவு இருக்கிறது. பரப்பு சுமார் 90 சதுர கிலோமீட்டர். ஆப்பிரிக்கக் கரை 1,600 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, பிரேசில் அதைவிடத் தூரம். பக்கத்துத் தீவு என்றால் செயின்ட் ஹெலெனா. அதற்கே 1,300 கிலோமீட்டர் கடல் தாண்ட வேண்டும். தீவு பிரிட்டனின் ஆளுகையில் உள்ளது, மக்கள்தொகை ஆயிரத்தைத் தொடாது.

இதன் புகைப்படத்தைப் பார்த்தால் இரண்டு வேறு தீவுகளை ஒட்டிவைத்ததுபோல் இருக்கும். கீழே கருகிய கல்லும் செம்பழுப்பு எரிமலைக் கூம்புகளும் பரந்து கிடக்கின்றன. கிழக்குப் பக்கம் 859 மீட்டர் உயரத்தில் பச்சை மலை நிற்கிறது. அதன் உச்சியில் மேகம், மூங்கில், வாழை, ஈரம் சொட்டும் பாசி. முதன்முதலாகப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? ஒரு காலத்தில் தீவு முழுக்கக் காடாக இருந்திருக்கும், மனிதர்கள் வெட்டித் தீர்த்திருப்பார்கள், உச்சியில் மட்டும் கொஞ்சம் தப்பியிருக்கிறது என்றுதான். நியாயமான ஊகம். உலகத்தின் பல தீவுகளில் நடந்ததும் அதுதான்.

அசென்ஷனில் கதை தலைகீழ். அந்தக் காட்டுக்கு இன்னும் 200 வயது ஆகவில்லை, அதன் மரங்கள் எல்லாமே மனிதர்கள் கொண்டுவந்து வைத்தவை. ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும் கறுப்புக் கல்வெளிதான் தீவின் சொந்த இயற்கை. எரிமலைத் தீவுகளின் சூழலைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம் என்பேன். எது சொந்த உயிரினம், எது வந்தேறி, எது ஆபத்தான வந்தேறி என்பதையெல்லாம் பச்சையை வைத்து முடிவு செய்ய முடியாது என்பது இங்கே பளிச்சென்று தெரிந்துவிடும்.

முதலில் தீவு பிறந்த விதம். அட்லாண்டிக்கின் அடியில் வடக்கு தெற்காக ஒரு நீண்ட மலைத்தொடர் ஓடுகிறது. அங்கே பூமியின் மேலோடு இரண்டு பக்கமும் விலகிக்கொண்டே இருக்கிறது. அதற்குச் சற்று மேற்கே எழும்பிய ஓர் எரிமலையின் தலைதான் அசென்ஷன். கடல் தரையிலிருந்து 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிறகே அது தண்ணீருக்கு வெளியே முகம் காட்டியது. நிலமாகத் தெரியும் பகுதியில் மிகப் பழைய பாறைக்கே சுமார் 10 லட்சம் வயதுதான். புவியியல் கணக்கில் இது பச்சைக் குழந்தை.

இது எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் ஒட்டி இருந்ததில்லை என்பது முக்கியமான விஷயம். கண்டத்திலிருந்து பிரிந்த தீவு என்றால் பிரியும்போதே காடு, தவளை, பாம்பு, அணில் எல்லாவற்றையும் கொண்டுபோயிருக்கும். கடலுக்கடியிலிருந்து எழும்பிய தீவு வெறும் சூடான கல்லாகத் தொடங்குகிறது. அங்கே வாழும் ஒவ்வொரு உயிரின் மூதாதையும் கடலைத் தாண்டி வந்தாக வேண்டும். வழிகள் மூன்றே மூன்று: காற்றில் பறந்து வரலாம், பறவையின் உடலில் ஒட்டியோ வயிற்றிலோ வரலாம், அலையில் மிதந்து வரலாம். 1,600 கிலோமீட்டர் உப்புத் தண்ணீரைத் தவளையால் தாண்ட முடியாது. நிலத்தில் வாழும் பாலூட்டிகளுக்கும் அதே கதிதான். அதனால் மனிதர் வருவதற்கு முன் அசென்ஷனில் இவை எதுவுமே இல்லை.

செடிகளில் இந்தப் பயணம் பெரணிகளுக்குத்தான் எளிது. அவற்றுக்கு விதை கிடையாது. தூசியைவிட மெல்லிய வித்துத் தூள்தான், காற்று தூக்கிக்கொண்டு எங்கும் போகும். ஒரே ஒரு துகள் வந்து ஈரமான பாறை இடுக்கில் விழுந்தால் போதும். அசென்ஷனின் சொந்தச் செடிப் பட்டியலில் பெரணிகள் கனமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். பூக்கும் செடிகளையும் சேர்த்துப் பார்த்தாலும் தானாக வந்து சேர்ந்தவை முப்பதைத் தாண்டாது. மனிதர்கள் வந்த பிறகு சேர்ந்து காட்டுச்செடியாகவே பரவிவிட்டவை மட்டும் 200க்கு மேல்.

வந்து சேர்ந்தவை அப்படியே இருப்பதில்லை. தாய் நிலத்து உறவுகளோடு தொடர்பு அறுந்து, புதிய இடத்துக்கு ஏற்ப ஆயிரமாயிரம் தலைமுறையாக மாறி, கடைசியில் வேறு இனமாகவே ஆகிவிடுகின்றன. உலகில் வேறெங்கும் இல்லாமல் ஒரே இடத்தில் மட்டும் வாழும் இனத்தை ஓரிட வாழ்வி என்று சொல்வார்கள். அசென்ஷனில் அப்படி 10 செடி வகைகள் இருந்தன. மூன்று அழிந்துபோய், இப்போது ஏழு மிச்சம்: ஐந்து பெரணிகள், ஒரு புல், அம்மான் பச்சரிசிக்குச் சொந்தக்காரச் செடி ஒன்று. கடைசியாகச் சொன்னது சிவந்த தண்டோடு எரிமலைச் சாம்பலில் தாழ்வாகப் படர்ந்து நிற்கும். பார்த்தால் யாரும் கேமராவை எடுக்க மாட்டார்கள்.

பறவைகளிலும் இதே கதை உண்டு. 1656ல் இங்கே இறங்கிய பீட்டர் மண்டி என்ற ஆங்கிலப் பயணி, பறக்கத் தெரியாத ஒரு சின்னக் கானாங்கோழியைப் பார்த்துப் படமும் வரைந்துவைத்தார். அதன் மூதாதைகள் பறந்துதான் வந்திருக்க வேண்டும். வந்த இடத்தில் துரத்த எதிரி இல்லை. பறப்பது உடலுக்குப் பெரிய செலவு, தேவையில்லாத இடத்தில் சிறகு சுருங்கிப்போகிறது. எதிரி வராத வரை இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

சரி, இப்படிக் காய்ந்து கிடக்கும் கல்லில் உயிர்கள் எதைத் தின்று வாழ்கின்றன? புதிதாகப் படிப்பவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். காட்டில் உணவு செடியிலிருந்து தொடங்குகிறது என்று படித்திருப்போம், அசென்ஷனின் தாழ்நிலத்திலோ செடியே அரிது. தென்கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று கொண்டுவரும் ஈரம் மலையில் ஏறிக் குளிர்ந்து அங்கேயே மேகமாகிவிடுகிறது. கீழே மழை மிகக் குறைவு, பெய்யும் கொஞ்சமும் துளை நிறைந்த கல்லுக்குள் இறங்கி மறைந்துவிடும். ஆகவே இந்தத் தீவின் விளைநிலம் கடல்தான். தீவு கூடு கட்டவும் முட்டையிடவும் இடம் தருகிறது, சாப்பாடு தண்ணீரில் இருக்கிறது.

அதைச் செய்து காட்டுபவை கடற்பறவைகள். இங்கே 11 வகைக் கடற்பறவைகள் இனப்பெருக்கம் செய்கின்றன. எண்ணிக்கையில் முதலிடம் கரிய முதுகும் வெள்ளை வயிறும் கொண்ட ஓர் ஆலாவுக்கு. சுமார் 2 லட்சம் ஜோடிகள், வெறும் எரிமலைக் கல் தரையில், கூடு என்று எதுவும் கட்டாமல் ஜோடிக்கு ஒரு முட்டை இடுகின்றன. அந்தச் சத்தம் இரவிலும் ஓயாது. அதனால் இவற்றுக்குத் தீவினர் வைத்த பெயரே 'வைட்அவேக்', தூங்காத பறவை என்ற பொருளில். 1942ல் அமெரிக்கர்கள் கட்டிய விமானத் தளத்துக்கும் இதே பெயர்தான். முட்டையிடாத காலத்தில் இவை கடலுக்கு மேலேயே திரிகின்றன, கரைக்கு வருவதே இல்லை.

இந்த ஆலாக்களின் நாள்காட்டி எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பல இடங்களில் பறவைகள் ஆண்டுக்கு ஒருமுறை, அதே பருவத்தில் முட்டையிடும். அசென்ஷன் ஆலாக்களுக்கு அந்த இடைவெளி சுமார் 9.6 மாதம். கணக்குப் போட்டால் நான்கு ஆண்டில் ஐந்து முறை வருகிறது. ஓர் ஆண்டு ஜனவரியில் தொடங்கினால் அடுத்த சுற்று அக்டோபரிலேயே வந்துவிடும். குளிர்காலம், கோடைக்காலம் என்று கறாரான பிரிவு இல்லாத வெப்பமண்டலக் கடலில் ஆண்டு என்ற கணக்குக்குக் கட்டுப்பட வேண்டிய அவசியம் பறவைக்கு இல்லை.

இன்னொரு பறவை அசென்ஷன் ஃபிரிகேட் பறவை. ஆணுக்குத் தொண்டையில் சிவப்புப் பை, துணையைக் கவர அதைப் பலூன்போல ஊதிக்காட்டும். கடலையே நம்பி வாழ்ந்தும் தண்ணீரில் இறங்காது, இறகு நனைந்துவிடும் என்பதால். பறக்கும் மீனை அலைக்கு மேலேயே கவ்வும், மற்ற பறவைகளைத் துரத்தி அவை பிடித்த மீனைப் பிடுங்கும், கரையிலிருந்து கடலுக்கு ஓடும் ஆமைக் குஞ்சையும் கொத்திக்கொண்டு போகும். உலகில் இது கூடு வைக்கும் ஒரே இடம் அசென்ஷனும் அதை ஒட்டிய பாறைத் தீவும்தான்.

ஆமை என்றதும் பேராமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பச்சை ஆமை என்றும் சொல்வார்கள். இவை மேய்வது பிரேசில் கரையோரக் கடற்புல்லில். முட்டையிட மட்டும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீந்தி, கடலில் ஒரு புள்ளி அளவே உள்ள இந்தத் தீவைக் கண்டுபிடித்து வருகின்றன. டிசம்பரிலிருந்து ஜூன் வரை பருவம். ஒரு பெண் ஆமை ஒரே பருவத்தில் பலமுறை கரையேறும், ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு மேல் முட்டையிடும். இங்கே கடற்புல் இல்லாததால் அத்தனை மாதமும் ஏறக்குறையப் பட்டினி. உடலில் சேர்த்த கொழுப்பை எரித்தே முட்டையும் போட்டு, திரும்பியும் நீந்த வேண்டும். மறுபடி வரச் சில ஆண்டுகள் ஆகும்.

ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். அசென்ஷனில் இது கண்ணுக்குத் தெரியும் வகையில் நடக்கிறது. மேற்கே நீளக் கடற்கரையில் சிப்பித் தூள் கலந்த வெளிர் மணல். வடகிழக்கு விரிகுடாவில் எரிமலைக் கல் பொடிந்த கறுப்பு மணல், வெயிலை உறிஞ்சிப் பல பாகை கூடுதலாகச் சுடும். இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான் தூரம். 2012ல் வெளியான ஓர் ஆய்வு இரண்டு கரையின் முட்டைகளையும் சூட்டில் வைத்துப் பார்த்தது. கறுப்புக் கரையில் முட்டையிட்ட தாய்களின் குஞ்சுகள் சூட்டை நன்றாகத் தாங்கின. ஆமைகள் பெரும்பாலும் தாம் பிறந்த கரைக்கே திரும்பி வருவதால், ஒரே சின்னத் தீவுக்குள்ளேயே சூடு தாங்கும் திறன் இரண்டு விதமாக உருவாகிவிட்டது.

கடலுக்கும் மலைக்கும் இடையே நடந்தே போய்வரும் உயிர் ஒன்றும் உண்டு: நில நண்டு. மஞ்சள், ஊதா என்று இரண்டு நிறத்தில் வரும். தீவின் சொந்த நில உயிர்களில் இன்று இதுதான் உருவத்தில் பெரியது. வளர்ந்தவை மலையின் ஈரச் சரிவுகளில் வளை தோண்டி வாழும். ஆனால் குஞ்சு வளர்வது கடலில்தான். எனவே ஆண்டின் முதல் மாதங்களில் வயிற்றில் முட்டையோடு பெண் நண்டுகள் பல கிலோமீட்டர் கரடுமுரடான கல்வெளியைக் கடந்து அலைக்கு வருகின்றன. இதே நண்டு பிரேசிலுக்கு உரிய சில தீவுகளிலும் இருக்கிறது, குஞ்சுகள் கடல் நீரோட்டத்தில் மிதந்து பரவக்கூடியவை என்பதற்கு அதுவே சான்று.

இதுவரை சொன்னது தீவு தானாக இருந்த விதம். இனி மனிதர்கள். 1501ல் போர்த்துக்கீசியர்கள் தீவைக் கண்டார்கள். பின்னால் வரும் கப்பல்களுக்கு இறைச்சி கிடைக்கட்டும் என்று ஆடுகளை விட்டார்கள். கடித்துத் தின்னும் விலங்கையே பார்த்திராத செடிகள் அவை, முள்ளோ கசப்போ வளர்த்துக்கொள்ள வேண்டிய தேவை அவற்றுக்கு வந்ததே இல்லை. கப்பல்களோடு எலியும் இறங்கியது. நெப்போலியனைச் செயின்ட் ஹெலெனாவில் சிறைவைத்தபோது, அவரை மீட்க யாரும் இந்தப் பக்கமாக வந்துவிடக் கூடாது என்று 1815ல் பிரிட்டிஷ் கடற்படை அசென்ஷனில் முகாம் போட்டது. எலித் தொல்லைக்குப் பூனை கொண்டுவந்தார்கள். பூனைக்கு எலியைத் துரத்துவதைவிட, தரையில் உட்கார்ந்து முட்டையை அடைகாக்கும் பறவை எவ்வளவு எளிது! பறக்காத கானாங்கோழி அழிந்தே போனது. பெரும்பாலான கடற்பறவைகள் பிரதான தீவைக் கைவிட்டு, கிழக்குக் கரைக்குச் சற்று அப்பால் செங்குத்தாக நிற்கும் போசன்பேர்ட் தீவு என்ற பாறைக்கு ஒதுங்கின. எச்சத்தால் வெளுத்துப்போன அந்தப் பாறைக்குப் பூனையால் போக முடியவில்லை. ஆலாக்கள் மட்டும் பெருங்கூட்டத்தின் பலத்தில் தாக்குப்பிடித்தன. ஆமைகளைப் பிடித்து உயிரோடு அடைத்துவைத்த கல் தொட்டிகள் தீவின் முக்கிய ஊரான ஜார்ஜ்டவுனில் இன்றும் இருக்கின்றன. கப்பல்களுக்கு அதுதான் புது இறைச்சி.

இனி அந்தப் பச்சை மலை. 1836 ஜூலையில் பீகிள் கப்பலில் டார்வின் இங்கே வந்து மலை ஏறினார். அப்போதே அதற்குப் பச்சைக் குன்று என்றுதான் பெயர். ஆனால் அது புல்லும் பெரணியும் பாசியும் தந்த பச்சை, மரங்கள் தந்ததில்லை. 1843ல் அண்டார்க்டிக் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் ஜோசப் ஹூக்கர் என்ற இளம் தாவரவியலாளர் இறங்கினார். அவர் அப்பா லண்டனில் கியூ தாவரவியல் பூங்காவின் தலைவர். முகாமுக்குப் பெரிய கவலை குடிதண்ணீர். உச்சியில் மரம் வைத்தால் மேகத்தின் ஈரத்தை இலைகள் பிடித்துச் சொட்டவைக்கும், இலை உதிர்ந்து மண் சேரும் என்பது ஹூக்கரின் யோசனை. கடற்படை ஒப்புக்கொண்டது. 1850லிருந்து கப்பல் கப்பலாகச் செடிகள் வந்தன. மூங்கில், தைல மரம், நார்ஃபோக் பைன், வாழை, இஞ்சி வகைகள், கொய்யா என்று உலகின் பல மூலைகளிலிருந்து வந்தவை ஒரே மலையில் நெருக்கியடித்து வளர்ந்தன. சில பத்தாண்டுகளில் காடு உருவாகிவிட்டது.

இந்தக் காட்டை என்னவென்று சொல்வது? இங்குதான் சூழலியலாளர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஒன்றோடொன்று சேர்ந்து பரிணமிக்காத செடிகளைக் கொட்டிவைத்தும், அவை 150 ஆண்டுகளில் மண், ஈரம், நிழல் என்று இயங்கும் மேகக் காடாக மாறிவிட்டனவே என்று வியப்பவர்கள் ஒரு பக்கம். இவற்றின் நிழலில் நசுங்கிப்போன சொந்தப் பெரணிகளை எண்ணிப் பார்ப்பவர்கள் மறுபக்கம். நான் இரண்டாவது பக்கம்தான் சாய்வேன். மூங்கில் உலகில் வேறு எத்தனையோ இடத்தில் இருக்கிறது, அந்தப் பெரணிக்கு இந்த மலையை விட்டால் வேறு போக்கிடமில்லை. ஆனாலும் விஷயம் அத்தனை நேராக இல்லை. சொந்தப் பெரணிகளில் ஒன்று, சுண்டுவிரல் அளவுச் செடி, வந்தேறி மரங்களின் கிளைகளில் படர்ந்த பாசியில் தொற்றி வாழப் பழகிவிட்டது. மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டினால் அதன் வீடும் போய்விடும்.

கொத்தமல்லி இலை போன்ற இன்னொரு பெரணியின் கதை வேறு விதம். 1958க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல், 2003ல் அழிந்ததாகவே அறிவிக்கப்பட்டது. 2009ல் பச்சை மலையின் செங்குத்தான சரிவில் நான்கே நான்கு செடிகள் கண்ணில் பட்டன. வறண்டு கொண்டிருந்த அவற்றைக் கயிற்றில் தொங்கியபடி தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றி, வித்துத் தூளைக் கியூ பூங்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஆய்வகத்தில் முளைத்து, இன்று நிறையவே இருக்கின்றன.

வந்தேறி என்றாலே கெட்டது என்று பொருளில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனிதர் கொண்டுவந்த இனம் எல்லாம் அயல் இனம். அதில் தானே பரவி, சொந்த இனங்களின் இடத்தையோ உயிரையோ பறிப்பது மட்டுமே ஊடுருவும் இனம். தோட்டத்து வேலிக்குள் நிற்கும் வாழை முதல் வகை, பூனை இரண்டாவது.

அந்தப் பூனைகளை அகற்றும் வேலை 2002ல் தொடங்கி 2004ல் ஏறக்குறைய முடிந்தது. வீட்டுப் பூனைகளுக்கு மட்டும் கருத்தடை செய்து பதிவு எண் கொடுத்து விட்டுவைத்தார்கள். 2006ல் காட்டுப் பூனையே இல்லாத தீவு என்று அறிவிக்கப்பட்டது. பூபி என்ற பெரிய கடற்பறவைகள் முதலில் பிரதான தீவுக்குத் திரும்பின. ஃபிரிகேட் பறவை அவசரப்படவில்லை. 2012ல்தான், ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, பிரதான தீவில் அதன் கூடு மறுபடி தென்பட்டது. எலிகளும், இந்தியாவிலிருந்து எங்கெங்கோ பரவிய மைனாவும் இன்னும் ஆலா முட்டைகளைத் தின்றுகொண்டுதான் இருக்கின்றன.

ஆமைகளின் கணக்கு தெளிவாக ஏறியிருக்கிறது. 1970களின் இறுதியில் ஆண்டுக்குச் சுமார் 3,700 கூடுகள், 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் 23,000க்கு மேல். பிடிப்பதை நிறுத்தியதுதான் முதல் காரணம், வேறு மந்திரம் எதுவும் இல்லை. 2019ல் தீவைச் சுற்றி சுமார் 4,45,000 சதுர கிலோமீட்டர் கடலில் வணிக மீன்பிடிப்பும் தடை செய்யப்பட்டது. சாப்பாடு கடலில் இருக்கும் தீவுக்கு இது பொருத்தமான வேலி.

இன்று தலைவலி தருவது ஒரு முள் மரம். அங்கே மெக்சிகோ முள் என்று பெயர், தமிழில் சீமைக்கருவேலம். 1960களில் வந்து சேர்ந்தது. ஆழமாக வேர்விட்டு, மழையே இல்லாத கல்வெளியிலும் செழிக்கிறது. ஊருக்குள் திரியும் கழுதைகள் காயைத் தின்று விதையைச் சாணத்தோடு தீவெங்கும் பரப்புகின்றன. இங்கே கெடுதல் பச்சை நிறத்தில்தான் வருகிறது: ஆலாக்களுக்குத் தேவை வெறுந்தரை, ஆமைக்குத் தேவை வேர் பின்னாத மணல், அம்மான் பச்சரிசியின் உறவுச் செடிக்குத் தேவை போட்டியில்லாத சாம்பல். எல்லா மரத்தையும் ஒழிப்பது இனி நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. ஆமைக் கரைகளையும், பறவைத் திடல்களையும், அந்தச் சின்னச் செடி நிற்கும் இடங்களையும் முள் அண்டாமல் வைத்திருப்பது நடக்கக்கூடியது.